ஆறு குட்டிக்கு ஆறு அடையாளம்

எங்கள் இரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ்தான். அதனால் பக்கத்துப் போர்ஷன் அண்ணனுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது மேல்.

காலை ஆறு மணிக்கு அண்ணன் போய்விட்டு வருவார். ஆறேகாலுக்கு நான். தண்ணீர் ஊற்றுவதில் அவர் குறை வைக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வெள்ளைப் பீங்கான் விளிம்பில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் சிவப்பாகச் சொட்டு இருந்தது. முதல் நாள் அண்ணியாக இருக்கும் என்று நினைத்தேன். அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதெல்லாம் நின்று நாலு வருஷம் ஆகிறது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் மிச்சம் யார்? உங்கள் வீட்டுக்காரருக்கு மூத்திரம் சிவப்பாகப் போகிறது என்று ஒருத்தியிடம் போய் எப்படிச் சொல்வது? நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து கேக் அடுப்பைப் பற்றவைத்தேன்.

நான் வீட்டிலேயே கேக் போட்டு நாலு கடைக்குக் கொடுக்கிறவள். தெருவில் எனக்குக் ‘கேக்கம்மா’ என்று பெயர். அண்ணன் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவர். தொட்டியிலிருந்து துணி ஏறியதும் அதில் ஒரு துண்டை வெட்டி, வாடிக்கைக்காரர் கொடுத்த சாம்பிளோடு ஒட்டிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். “கொஞ்சம் நீலம் தூக்கல்” என்று சொன்னால் மறுபடியும் தொட்டிதான். அவர் சொன்னதற்கு அப்பீல் கிடையாது. இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. நகக்கண்ணில் ஏறிய நிறம் இறங்கியதே இல்லை. வேர்வையில்கூடச் சாயம் வரும். அண்ணி பனியன் அலசுகிற வாளியை எட்டிப் பார்த்தே இந்த வாரம் பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று நான் சொல்லிவிடுவேன். அந்த மாதம் முழுக்கச் சிவப்பு.

அவர்கள் வீட்டு நாய்க்கு ‘மேடம்’ என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்கு ஒதுங்க வந்தது. உள்ளே போய், அண்ணன் உட்காருகிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, யார் நீங்களெல்லாம் என்பதுபோல் பார்த்ததாம். அப்போது வைத்த பெயர். அது பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மத்தியானம் ஏழு குட்டி போட்டது. ஏழும் ஒரே வார்ப்பு. வெளுத்த மணல் நிறம், ஒரு புள்ளி கிடையாது, ஒரு கோடு கிடையாது. மேடம் முதல் பிரசவக்காரி. நாலு குட்டிக்கு மேல் அவளுக்குப் பால் ஊறவில்லை.

வானம் வேறு ஒரு வாரமாக மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துணி காயவில்லை. சர்க்கரை பாட்டிலில் கட்டிதட்டியது. இந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஷேடு பார்க்கச் சொல்கிறான் முதலாளி என்று அண்ணன் தினமும் முனகிக்கொண்டே போவார்.

மருந்துக் கடையில் கேட்டு நாய்க்குட்டிப் பால்பவுடர் வாங்கிவந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊற்றிக் கொடுத்தார்கள். காலையில் அண்ணி, சாயங்காலம் அண்ணன், இடையில் நான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

“நான் குடுத்தேனே காலையில. சின்னதுக்குத்தான் முதல்ல குடுத்தேன்” என்றார் அண்ணி.

“நானும் நேத்து சின்னதுக்குத்தான் குடுத்தேன்.”

“எது சின்னது?”

பெட்டிக்குள் ஆறு குட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு வயிறு வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு அதற்கே ஊற்றியிருக்கிறோம். செத்ததற்கு ஒரு சொட்டுப் போகவில்லை. மூன்று வளர்ந்த மனுஷர்கள் சேர்ந்து ஒரு உயிரைப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறோம்.

“அடையாளம் போடணும். ஒண்ணொண்ணுக்கும் ஒண்ணு” என்றார் அண்ணன்.

முதல் யோசனை என்னுடையது. கேக் பெட்டிக்குக் கட்டுகிற சாட்டின் ரிப்பன் என்னிடம் ஆறு நிறத்தில் இருந்தது. கழுத்தில் கட்டினோம். பார்க்க ஜோராக இருந்தது. நானே மெச்சிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கீச்சுச் சத்தம். மஞ்சள் ரிப்பன்காரன் முன்னங்காலைக் கழுத்து ரிப்பனுக்குள் விட்டு, இழுக்க இழுக்க இறுகி, நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தான். அண்ணி கத்தரியைத் தேடி ஓட, நான் பல்லால் கடித்தே அறுத்தேன். ஆறையும் அறுத்தெறிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்ததும் என்னுடையதுதான். கேக்குக்குப் போடுகிற கலர். தின்கிற பொருள்தானே, ஒன்றும் செய்யாது என்று தலையில் ஒரு பொட்டு, முதுகில் ஒரு பொட்டு என்று வைத்தேன். மேடம் வந்தாள், படுத்தாள், வரிசையாக நக்கினாள். பத்து நிமிஷத்தில் ஆறும் பழையபடி மணல்.

அண்ணன் சிரித்தார். “உன் கலரு நாக்குக்குப் பயப்படுற கலரும்மா. நம்ம கலரு கொதிக்கிற தண்ணிக்கே அசையாது. நாளைக்கி எடுத்துட்டு வரேன்.”

“அது துணிக்குப் போடறதுங்க” என்றார் அண்ணி.

“முடியும் நூல்தானே?”

மறுநாள் மத்தியானம் சீக்கிரமே வந்துவிட்டார். பொட்டலத்தில் ஒரு கரண்டி சிவப்புப் பொடி, இன்னொரு பொட்டலத்தில் சலவைச் சோடா. பட்டறையில் பருத்திக்குச் சாயம் பிடிக்கச் சோடா போடுவார்கள். போடாவிட்டால் முதல் அலசலிலேயே ஓடிவிடும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் கரைத்து, பஞ்சைக் குச்சியில் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறும் ஒரே சிவப்பு, இடம்தான் வேறு. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வால் அடியில், வலது முன்னங்காலில், பிடரியில், முதுகு நடுவில். ஒவ்வொன்றையும் எடுத்து, முடியைப் பிரித்து, அடித்தோல் வரை தொட்டுத் தொட்டு வைத்தார். கை நடுங்கவில்லை. நல்ல வேலைக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“அப்பிடியே அரை மணி நேரம் ஊறட்டும். அவளை உள்ள விடாதீங்க.”

நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். தோள், இடுப்பு, வால், கால், பிடரி, முதுகு. என் கேக் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் நிறுத்து கிராமும் எழுதினேன். வால்தான் இருப்பதில் இளைத்தது.

அண்ணி அந்த நேரத்தில் துவைக்கிற கல் பக்கம் இருந்தார். ஏதோ துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், தண்ணீர் சொட்டச் சொட்ட அதை எடுத்துக்கொண்டே வந்தார். அண்ணனுடைய லுங்கி.

“இது என்னங்க?”

முன்பக்கம், உள்ளங்கை அளவுக்குக் கறை.

“பட்டறையில தெறிச்சிருக்கும்.”

“லுங்கி கட்டிக்கிட்டா பட்டறைக்குப் போறீங்க? வீட்ல கட்டுறதுல எப்படித் தெறிக்கும்?”

அண்ணன் குச்சியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

“சாயம் இறங்குது. அவ்ளோதான்” என்றார். “வேர்வையில வரலையா? பனியன்ல பாக்கறியே. வேர்வையில வர்றது அதுலயும் வராதா? ஒரு மாசமா செவப்புதான் ஓடுது, அதான் செவப்பா இறங்குது.”

“வலிக்குதா?”

“ஒரு வலியும் இல்ல, எரிச்சலும் இல்ல. நோவுன்னா வலிக்காதா? நானும் இருவத்தெட்டு வருஷமா இதுல கை வெக்கிறேன், எனக்கு என்ன ஆயிடிச்சு? நல்லாத்தானே இருக்கேன்.”

“டாக்டர்கிட்ட காட்டினா என்ன?”

“என்னன்னு காட்டறது? ஐயா, நான் சாயக்காரன், எனக்குச் சாயம் வருதுன்னா? சிரிச்சே செத்துருவான்.”

அவரே சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். நாசமாய்ப்போன சிரிப்பு, அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில் வந்தது. யோசித்துப் பார்த்தால் ஒத்துவரத்தானே செய்தது? தலையணை உறையில் சாயம், பனியனில் சாயம், அப்புறம் அதில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது? வேறு எந்த வீட்டிலும் ஒருத்தரும் இந்தச் சமாதானத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள், சொன்னாலும் எடுபட்டிருக்காது. இந்த வீட்டில் எடுபட்டது.

சாயம் நின்றது. மேடம் நக்கி நக்கிப் பார்த்தாள். பொட்டு கொஞ்சம் வெளிறியதே தவிரப் போகவில்லை. அண்ணன் பெருமையோடு, “பாத்தியா, நம்ம சரக்கு” என்றார். பால் கொடுப்பது ஒழுங்குக்கு வந்தது. ‘வால் குடிச்சாச்சு’, ‘கால் பாதிதான் குடிச்சான்’ என்று நோட்டில் எழுதி வைத்தோம். மூன்று பேருக்கும் ஒரே நோட்டு. இரண்டு நாள் எல்லாக் குட்டிக்கும் எடை ஏறியது.

மூன்றாம் நாள் காலையில் நிறுக்கப் போனேன். வைத்த ரொட்டியை மேடம் தொடவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நாக்கும் ஈறும் அடர் சிவப்பு. கன்னத்தோரம் நுரை, அதுவும் இளஞ்சிவப்பு. குட்டிகளில் பிடரிக்காரன் ஓயாமல் அழுதுகொண்டிருந்தான். எடுத்துப் பார்த்தேன். பொட்டு வைத்த இடத்தில் முடி உதிர்ந்து, தோல் வெந்து, நீர் கோத்திருந்தது. இடுப்புக்காரிக்கும் அப்படியே. ஆறையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவர் எங்கெங்கே தொட்டாரோ அங்கெல்லாம் புண். வாலுக்கு மட்டும் அழக்கூடத் தெம்பில்லை.

“அண்ணி!” என்று நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். ஒரு ஆட்டோ பிடித்து, நாயை அண்ணி மடியில் போட்டுக்கொள்ள, குட்டிகளை என் கேக் பெட்டியில் துண்டு விரித்துப் படுக்கவைத்து, ஒரு மாட்டு டாக்டரம்மாவிடம் போனோம். டாக்டரம்மா சின்ன வயது, பெரிய குரல். பெட்டியைத் திறந்தவுடனே ஆரம்பித்துவிட்டார்.

“யாரு பூசினது? என்னது இது?”

“துணிச் சாயங்க. அடையாளத்துக்கு.”

“வேற என்ன கலந்தீங்க?”

“சோடா.”

“உங்க குழந்தைக்கு இப்படிப் பூசுவீங்களா? பொறந்த குட்டிக்குத் தோல் காகிதம் மாதிரி இருக்கும். அதுல சோடாவ வெச்சு ஊறப்போட்டிருக்கீங்க, வேகாம என்ன செய்யும்? மிச்சத்தை அம்மா நக்கி முழுங்கியிருக்கா. அறிவில்லையா?”

அண்ணி தலையை ஆட்டி ஒவ்வொரு திட்டையும் வாங்கிக்கொண்டார். திட்டிக்கொண்டே டாக்டரம்மாவின் கை வேலை செய்தது. வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றி ஒவ்வொரு புண்ணாகக் கழுவினார். மேடத்தின் வாயைக் கழுவி ஒரு ஊசி போட்டார். பிறகு நுனி மழுங்கிய ஒரு சின்னக் கத்தரியை எடுத்து, பிடரிக்காரனின் புண்ணில்லாத இடத்தில், இடது பின்தொடையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு முடியை மட்டும் ஒட்ட நறுக்கினார்.

“பாருங்க. இவ்வளவுதான் அடையாளம். பூசறதும் வேண்டாம், கட்டறதும் வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு இடத்துல முடியக் குறைச்சு விடுங்க. நாலு நாளைக்கு ஒருதரம் திரும்ப நறுக்குங்க. அம்மா நக்கினாலும் போகாது, நக்கினாலும் கெடுதல் இல்ல. முதல்ல ஆண் எது, பெண் எதுன்னு பிரிச்சுக்குங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.”

“ரிப்பன் கட்டினோம்…” என்று நான் இழுத்தேன்.

“ஒரு வாரத்துல ரெண்டு மடங்கு வளரும். காலையில தளர்வா இருக்கிறது ரெண்டு நாள்ல சுருக்கு. இன்னும் எத்தனை விதமாக் கொல்லப் பாத்தீங்க?”

ஆறுக்கும் நறுக்கி முடித்துவிட்டு அவர் அண்ணியிடம் திரும்பினார்.

“அம்மாவோட மூத்திரத்தைப் பாக்கணும். அவ போற இடத்துல ஒரு வெள்ளத் துணிய விரிச்சு வெச்சு ரெண்டு நாள் பாருங்க. சிவப்பாப் போனா உடனே தூக்கிட்டு வாங்க.”

“சாயத்தை முழுங்கியிருக்காளே, அதனால சிவப்பா வரும் இல்லீங்களா?” என்று கேட்டார் அண்ணி. கேட்டபோது அவர் கை நாயின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

“இவ நக்கின அளவுக்கெல்லாம் சாயம் அந்த வழியா வராதும்மா. சிவப்பா வந்தா அது ரத்தம்னு நெனச்சுக்கிட்டு ஓடி வரணும். சாயம்தானேன்னு உக்காந்துடக் கூடாது.”

ஆட்டோவில் திரும்பி வரும்போதும் மேடம் அண்ணி மடியில்தான். பாதி வழியில், முன்னால் இருக்கிற கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீ பாத்திருக்கியா?”

எதை என்று நான் கேட்கவில்லை. “பாத்தேன் அண்ணி.”

“எத்தனை நாளா?”

“மூணு வாரம் இருக்கும்.”

“ஏண்டி சொல்லல?”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீட்டு விஷயம்…”

“ஆமா. எங்க வீட்டு விஷயம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். அதன் பிறகு இறங்கும் வரைக்கும் மேடத்தின் காதை நீவிவிட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அழுகையாக வந்தது. என் மடியில் பெட்டி இருந்ததால் அழக்கூட வசதியில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் குட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, வெந்த இடத்தைப் பார்த்து, திரும்பப் படுக்கவைத்தார். டாக்டரம்மா திட்டியதை அண்ணி ஒன்று விடாமல் சொன்னார். மூத்திரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

“சோடா போட்டிருக்கக் கூடாது” என்றார் அண்ணன். “முடி வேற, பருத்தி வேற. கம்பளிக்கெல்லாம் புளிப்புலதான் சாயம் ஏத்துவாங்க, சோடா ஆகாது. எனக்குத் தெரியும். கை பழக்கம், பருத்தின்னே நெனச்சுட்டேன்.”

“தெரிஞ்சேவா பண்ணினீங்க?”

“தெரியும், ஆனா நெனப்பு வரல.” வால் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “தெரியறதும் நெனப்பு வர்றதும் ஒண்ணா?”

மறுநாள் காலையில் வால் செத்துப்போனது. அண்ணன்தான் குழி தோண்டினார். நோட்டில் அந்த வரியை அடிக்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணி தாழ்வாரத்து மூலையில், மேடம் வழக்கமாகப் போகிற இடத்தில், வெள்ளைத் துணி விரித்தார். பட்டறையில் ஓரம் வெட்டிப் போடுகிற வெளுத்த துணி, வீட்டில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. எடுத்து, தேதி போட்டு, கொடியில் காயவிட்டார். எல்லாம் வெளிர்மஞ்சள். எந்த நாய் போனாலும் அந்த நிறம்தான். இரண்டு நாளில் மேடம் சாப்பிட ஆரம்பித்தாள். பிடரிக்காரன் புண் ஆறிப் பொருக்கு கட்டியது. எடை ஏறியது. நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன்.

“அண்ணி, மேடத்துக்கு ஒண்ணும் இல்ல. துணி எல்லாம் சுத்தமா இருக்கு.”

“ஆமா. சுத்தமாத்தான் இருக்கு” என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. நாள் முழுக்கச் சாயத்தை நக்கித் தின்ற நாய்க்கு வரவில்லை. ஒரு வாய் தின்னாத மனுஷனுக்கு வருகிறது.

சனிக்கிழமை அண்ணி அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தார். பையின் அடியில், டிபன் பாக்ஸ் வைக்கிற அட்டைக்குக் கீழே, நாலாக எட்டாக மடித்த ஒரு வெள்ளைத் துணி இருந்ததாம். பெண்கள் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தாராம். உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு போய், பட்டறைக் குப்பையில் போட்டுவிட்டு வருவது வழக்கம் போலிருக்கிறது. அன்றைக்கு ஒன்றைப் போட மறந்துவிட்டார். என்னிடம் வந்து சொன்னபோது அண்ணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எனக்குத் தெரியக் கூடாதுன்னு மடிச்சு வெச்சிருக்காருடி. சாயம்னா எதுக்கு மறைக்கணும்?”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வானம் திறந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு வெயில். நான் குட்டிகளுக்கு முடி நறுக்குவதற்காகக் கத்தரியோடு தாழ்வாரத்தில் இருந்தேன். அண்ணன் குளித்துவிட்டு, பனியன் போட்டுக்கொண்டு, டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தொடையில நறுக்கினது வளந்திருச்சு பாரு. இன்னும் ஒட்ட வெட்டு.”

“தோல்ல பட்டுரும் அண்ணே.”

“குடு, நான் வெட்டறேன்.”

அப்போது அண்ணி வந்து, துவைக்கிற கல்லின்மேல் இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒன்று மேடத்துடையது. இன்னொன்று மடிப்புத் தடத்தோடு இருந்தது.

“கொஞ்சம் வந்து இதைப் பாருங்க.”

“என்ன?”

“ஷேடு பாத்துச் சொல்லுங்க.”

அண்ணன் கத்தரியைக் கீழே வைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். அவருக்கு எது என்ன என்று தெரிந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை.

“இங்க வெளிச்சம் சரியில்ல” என்றார்.

“வெயில் பளிச்சுனு அடிக்குது. எழுந்து வாங்க.”

“அப்புறம் பாக்கலாம்.”

“இருவத்தெட்டு வருஷமா ஊரான் துணியெல்லாம் பாத்தீங்க இல்ல? இது உங்க துணி. வாங்க.”

எழுந்து போனார். மேடத்தின் துணியை முதலில் எடுத்து, இரண்டு விரலில் பிடித்து, வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். “இது நாயோடது. இதுல கலரு இல்ல” என்று வைத்தார். அடுத்ததை எடுத்தார். தூக்கிப் பார்த்தார். திருப்பி, பின்பக்கம் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டி, நகத்தைப் பார்த்தார். பட்டறை ஜன்னலில் நின்று அவர் எப்படிப் பார்ப்பார் என்பதை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன். அந்த நேரத்துக்கு அவர் யாருடைய புருஷனும் இல்லை, நோயாளியும் இல்லை. துணி பார்க்கிற ஆள்.

“சாயம் காஞ்சா அப்படியே நிக்கும்” என்றார். “நடுவும் ஓரமும் ஒரே செவப்பா இருக்கும். இது ஓரத்துல பழுப்பு ஏறியிருக்கு. நடுவுல கட்டி தட்டியிருக்கு.”

“சரி. அதனால?”

“இது சாயம் இல்ல.”

கையிலிருந்த துணியை அவர் வைக்கவும் இல்லை, விடவும் இல்லை. பெட்டியில் குட்டிகள் பாலுக்குக் கத்தின. யாரும் எழுந்து போகவில்லை.

“எத்தனை நாளா?” என்று கேட்டார் அண்ணி.

“கொஞ்ச நாளா.”

“எத்தனை நாளாங்க?”

“மேடம் சினை ஆறதுக்கு முன்னாடியிலருந்து. அப்பப்ப வரும், நின்னுரும். நின்னதும் நல்லாயிடுச்சுன்னு நெனப்பேன்.”

நாய்க்குச் சினை இரண்டு மாதம். குட்டிக்கு இப்போது பதினொரு நாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அண்ணி எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்.

“செவப்பு ஒரு மாசமாத்தானே ஓடுது?”

அண்ணன் துணியை மடிப்புத் தடத்திலேயே மடித்தார்.

“அப்ப பட்டறையில என்ன கலரு ஓடிச்சு?”

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கறேன் இல்ல. அப்ப என்ன கலரு?”

“பச்சை” என்றார்.

அண்ணி அழுவார், இல்லை கையில் கிடைத்ததை வீசுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போய்ச் சட்டையை எடுத்துவந்து நீட்டினார். “போட்டுக்கங்க.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழம. யாரு இருப்பா?”

“பெரிய ஆஸ்பத்திரியில யாராவது இருப்பாங்க. போடுங்க.”

பட்டன் போட அவருக்கு வரவில்லை. ஆறு குட்டிக்கும் பொட்டு வைத்தபோது நடுங்காத கை. அண்ணியே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். போட்டு முடித்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் காதில் விழாதவள் மாதிரி குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை நாளான்னு டாக்டரு கேப்பாரு. ஒரு வாரம்னு சொல்லட்டுமா?”

“உள்ளதைச் சொல்லுங்க.”

“திட்டுவாரே.”

“திட்டட்டும். அந்தம்மா நம்மள எவ்ளோ திட்டினாங்க? திட்டிக்கிட்டேதான் மருந்து போட்டாங்க. அஞ்சு குட்டி பொழச்சுதா இல்லையா? வாய மூடிக்கிட்டு வாங்கிக்கங்க.”

இருவரும் போனார்கள். நான் ஐந்துக்கும் பால் கொடுத்தேன், முடி நறுக்கினேன், நிறுத்து எழுதினேன். பிடரிக்காரன் நானூற்றுப் பத்து. ஒரு கடைக்காரர் கேக் கேட்டு வந்தார். இன்றைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டேன். நாலு மணிக்கு மேல்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணி நேராகச் சமையலறைக்குள் போனார். கதவை ஒருக்களித்தார். அண்ணன் தாழ்வாரத்துக்கு வந்து, ஒரு காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“டாக்டர் நல்லாத் திட்டினாரா அண்ணே?”

“இல்லம்மா” என்றார். “ஒரு வார்த்தை திட்டல. எழுந்து நின்னு, உக்காருங்க ஐயான்னு சொன்னாரு. ரொம்ப மரியாதையாப் பேசினாரு.”